ஒரு ஹெடர், இரண்டு கருவிகள்: கணினிப் பெட்டிக்குள் செல்லும் யுஎஸ்பி கேபிளைக் கையால் செய்து பார்த்தது

மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டின் அளவு 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர்தான். அந்தச் சிறிய பரப்பில் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால், பெட்டிக்குள்ளேயே செருகுவதற்கான யுஎஸ்பி 2.0 ஹெடர் (பலகையில் நிமிர்ந்து நிற்கும் பின்களின் தொகுப்பு) பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கிறது. என்னிடம் அந்த ஒன்றைக் கேட்டு இரண்டு கருவிகள் இருந்தன: ப்ராசஸரைக் குளிர்விக்கும் லிக்விட் கூலரின் பம்பு ஒன்று; ஃபேன்களின் வேகத்தையும் விளக்குகளையும் கட்டுப்படுத்தும் சிறு பலகை மற்றொன்று. இரண்டோடும் வந்த கேபிள்கள் 60 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமானவை. பெரிய டவர் பெட்டிக்கு அந்த நீளம் வேண்டும், 18.25 லிட்டர் கொள்ளளவுள்ள கூலர் மாஸ்டர் என்ஆர்200 பெட்டியில் மிச்ச நீளத்தைச் சுருட்டி ஒளித்து வைக்க இடமே கிடையாது. வயர் செல்ல வேண்டிய வழியில் ஒரு நூலை ஓட்டி அளந்து பார்த்தபோது, பம்புக்கு 18 சென்டிமீட்டரும் பலகைக்கு 32 சென்டிமீட்டரும் போதும் என்று தெரிந்தது. ஒரு போர்ட்டைப் பலவாக்கித் தரும் ஹப் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தினால் அதற்கு பவர் சப்ளையிலிருந்து வரும் ஒரு சாட்டா பவர் வயரும் ஒட்டி வைக்க ஓர் இடமும் தேவைப்படும் என்பதால், கேபிளை நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஹப் இல்லாமலேயே இது முடியும் என்பதற்குக் காரணம், ஹெடரின் அமைப்பிலேயே இருக்கிறது. ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பின்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர், இந்த ஒரு ஹெடரில் தனித்தனியான இரண்டு யுஎஸ்பி போர்ட்கள் இருக்கின்றன. ஒற்றைப்படை எண்களில் 1 ஐந்து வோல்ட், 3 டி மைனஸ், 5 டி பிளஸ் (இந்த இரண்டும் டேட்டாவுக்கு), 7 கிரவுண்ட். இரட்டைப்படை எண்களில் அதே வரிசைப்படி 2, 4, 6, 8. ஒன்பதாவது பின் இருக்காது. கேபிளைத் தலைகீழாகச் செருகிவிடாமல் தடுப்பதற்காக அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். பத்தாவது பின் இருந்தாலும் எதனுடனும் இணைக்கப்பட்டிருக்காது. ஆகவே ஒரு வரிசையைப் பம்புக்கும் மறு வரிசையைப் பலகைக்கும் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. ஒரே போர்ட்டின் வயர்களை இரண்டாகப் பிரித்து இரு கருவிகளுக்குக் கொடுப்பது வேறு விஷயம். ஹப் இல்லாமல் அது நடக்காது.

வேலையைத் தொடங்கும் முன் தீர்மானிக்க வேண்டியிருந்தது வயர்களின் தோற்றம். பவர் சப்ளை கேபிள்களில் ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாக பாராகார்ட் எனும் பின்னல் நூல் உறை மாட்டி, சீப்பு வைத்து வரிசையாகப் படியவைப்பது இன்று பரவலாகிவிட்ட அலங்காரம். கேபிள் செய்பவர்கள் பலர் அதே பாணியை யுஎஸ்பி கேபிளுக்கும் கொண்டுவருகிறார்கள்; படத்தில் அது அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் பவர் வயரில் ஓடுவது நேர்மின்சாரம் மட்டுமே என்பதால் அங்கே வயர்கள் பிரிந்து நின்றால் ஒன்றும் கெட்டுவிடாது. யுஎஸ்பியின் டி பிளஸும் டி மைனஸும் அப்படிப்பட்டவை அல்ல. இரண்டிலும் ஒன்றுக்கொன்று எதிரான சிக்னல் சென்று, மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தகவலாகப் படிக்கப்படுகிறது. இரண்டும் பின்னிக்கொண்டு ஒன்றாகவே செல்லும்போது வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, வித்தியாசம் பார்க்கும்போது கழிந்துவிடுகிறது. யுஎஸ்பி 2.0 விதிப்படி இந்த ஜோடியின் மின்மறுப்பு (வேகமாக மாறும் சிக்னலுக்கு வயர்கள் காட்டும் எதிர்ப்பு) 90 ஓம். கூடவோ குறையவோ 15 சதவீதம்வரை போகலாம். வயர்களின் தடிமன், அவற்றுக்கு இடையே உள்ள தூரம், நடுவில் இருக்கும் இன்சுலேஷன் ஆகியவைதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. தனித்தனி உறை போட்டுப் பிரித்துவிட்டால் எண் எங்கோ போய்விடும். எனவே என் கேபிளில் முறுக்கு உள்ளே இருக்க, நான்கு வயர்களுக்கும் சேர்த்து ஒரே உறை என்று முடிவாயிற்று.

பம்பின் போர்ட் மைக்ரோ யுஎஸ்பி. அதன் பிளக்கில் பின்களின் இடைவெளி 0.65 மில்லிமீட்டர் என்பதால், வெறும் பிளக்கை வாங்கி சால்டர் செய்வதில் எனக்கு நாட்டமில்லை. நல்ல நிலையில் இருந்த ஒரு டேட்டா கேபிளின் மைக்ரோ முனையை 18 சென்டிமீட்டர் விட்டு வெட்டிக்கொண்டேன். உள்ளே முறுக்கும் அலுமினியத் தாளும் ஏற்கெனவே இருப்பதால் செய்ய வேண்டியது ஹெடர் முனை மட்டுமே. வெட்டுவதற்கு முன்பே அது சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளா, டேட்டாவும் கடத்துமா என்று போனில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மலிவான கேபிள்கள் சிலவற்றில் டேட்டாவுக்கான வெள்ளை, பச்சை வயர்கள் இருப்பதே இல்லை.

விசிறிப் பலகைக்கு முழு கேபிளையும் செய்ய வேண்டியிருந்தது. இதற்கு நான் எடுத்துக்கொண்டது பழைய கேட் 5இ நெட்வொர்க் பேட்ச் கார்டு, அதாவது கணினியை நெட்வொர்க்கில் இணைக்கும் வளையக்கூடிய கேபிள். அதன் ஜோடிகளின் மின்மறுப்பு 100 ஓம். யுஎஸ்பியின் வரம்பு 76.5 முதல் 103.5 ஓம்வரை என்பதால் அது உள்ளே வந்துவிடுகிறது. பச்சை ஜோடியை டேட்டாவுக்கு வைத்துக்கொண்டதில் ஒரு வசதியும் இருக்கிறது. யுஎஸ்பியில் டி பிளஸ் பச்சை, டி மைனஸ் வெள்ளை. பேட்ச் கார்டின் பச்சையும் பச்சைக் கோடிட்ட வெள்ளையும் அதற்கு அப்படியே பொருந்துகின்றன. ஆரஞ்சு ஜோடி மின்சாரத்துக்கு. முனைகளில் சிவப்பும் கறுப்புமாக, சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய்த் துண்டுகளை ஏற்றி அடையாளம் வைத்தேன். சுவருக்குள் ஓடும் நெட்வொர்க் கேபிள் இதற்கு உதவாது. அதில் இருப்பது ஒற்றைக் கம்பி, கிரிம்ப் செய்தால் (உலோக முனையை வயரின் மேல் அழுத்தி மடித்தால்) நிற்காது, வளைத்தால் முறியும். பேட்ச் கார்டிலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம் கலந்து வருகிறது. இழைகளை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்த்து, உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தக் கார்டை ஒதுக்கிவிடலாம்.

வயரின் முனையில் மாட்டும் உலோக டெர்மினலும் அவற்றைச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் ஹவுசிங்கும் சென்னை ரிச்சி தெருவிலேயே கிடைத்தன. "டுபான்ட் பீமேல் பின்" என்றாலே கடைக்காரர் பாக்கெட்டை எடுத்துப் போட்டுவிடுகிறார். ஐந்து துளைகள் கொண்ட ஒற்றை வரிசை ஹவுசிங் இரண்டை வாங்குவதைவிட, பத்துத் துளைகள் கொண்ட இரட்டை வரிசை ஹவுசிங் ஒன்றை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஒற்றை வரிசை ஹவுசிங்கை ஒரு பின் தள்ளியோ திருப்பியோ செருகிவிட முடியும். ஒரு பின் தள்ளிப்போனால் ஐந்து வோல்ட் போக வேண்டிய வயர் போர்டின் வேறொரு பின்னில் போய் உட்காரும். இரட்டை வரிசையில் ஒன்பதாவது துளையை அடைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. கடையில் வாங்கும் ஹவுசிங்கில் பத்துத் துளைகளும் திறந்தே இருக்கும். ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செதுக்கி ஒன்பதில் இறக்கி, ஒரு சொட்டுப் பசை விட்டேன்.

கிரிம்ப் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேபிளின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. டெர்மினலின் பின்பக்கம் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செம்பிழைகளைக் கவ்வ வேண்டும். பின் ஜோடி இன்சுலேஷனை அணைத்துப் பிடித்து, வயர் இழுபடும்போது அந்தச் சுமை இழைகளுக்குப் போகாமல் தாங்க வேண்டும். இன்சுலேஷனை சுமார் 2.5 மில்லிமீட்டர் உரித்தால் போதும். அதிகமாக உரித்தால் பின் இறக்கைகளுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. குறைவாக உரித்தால் முன் இறக்கைகள் பிளாஸ்டிக்கைக் கவ்விக்கொண்டு, வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் தொடர்பு விட்டுவிட்டு வரும். நான் பயன்படுத்தியது ஜப்பானிய நிறுவனமான இன்ஜினியரின் பிஏ-09 பிளையர். இதில் 1.0, 1.4, 1.6, 1.9 மில்லிமீட்டர் என நான்கு பள்ளங்கள் உண்டு. முன் இறக்கையைச் சிறிய பள்ளத்திலும் பின் இறக்கையைப் பெரிய பள்ளத்திலும் தனித்தனியாக அழுத்த வேண்டும். ராட்செட் பிளையர் இரண்டையும் ஒரே அழுத்தில் முடித்துவிடும் என்றாலும், மெல்லிய வயருக்கு இந்த நிதானமான முறைதான் எனக்குக் கைகூடியது. சரியாக மடிந்த முன் இறக்கைகள் குறுக்குவெட்டில் ஆங்கில பி எழுத்துப் போல உள்நோக்கிச் சுருண்டிருக்கும். அழுத்திய பிறகு வயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும்; வராவிட்டால்தான் ஹவுசிங்குக்குள் போக அதற்குத் தகுதி. உள்ளே தள்ளும்போது கொக்கி மாட்டும் சிறு கிளிக் ஓசை கேட்கும்.

பச்சை, வெள்ளை வயர்களின் முறுக்கை முனையில் எவ்வளவு பிரிப்பது என்பதிலும் நான் கஞ்சத்தனமாகவே இருந்தேன். ஹவுசிங்குக்கு வெளியே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இரண்டின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வயரில் சிக்னல் மற்றதைவிட 100 பிக்கோ நொடிக்கு மேல் பிந்தக் கூடாது என்பது விதி. அதைத் தூரமாக மாற்றினால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். கையால் வெட்டுபவர்களுக்கு இது தாராளமான வரம்புதான். அலுமினியத் தாளையும் அதனுடன் ஓடும் வெற்றுக் கம்பியையும் ஹெடர் முனையில் ஒட்ட நறுக்கி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினேன். அந்த அலுமினிய உறைக்கென்று ஹெடரில் பின் இல்லை; ஓர் இழை நழுவி ஐந்து வோல்ட்டில் பட்டால் வம்பு.

விசிறிப் பலகையின் முனை 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஜேஎஸ்டி பிஎச் வகை, நான்கு பின்கள். ஹெடர் முனையில் இருப்பதுபோல் இங்கே பொது ஒழுங்கு எதுவும் கிடையாது. எந்தப் பின் எது என்பது பலகையைச் செய்தவர் விருப்பம். ஆகவே கூடவே வந்த கேபிளின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து, எது எங்கே போகிறது என்று படம் வரைந்துகொண்டுதான் புதியதைத் தொடங்கினேன். வயர் நுழையும் பக்கத்திலிருந்து பார்க்கிறோமா, துளை திறந்திருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கிறோமா என்பதைப் படத்திலேயே எழுதிவைப்பது அவசியம். பக்கம் மாறினால் இடம் வலமாகிவிடும்.

முதல் சோதனை மின்சாரம் இல்லாமல். நான்கு வயர்களும் தொடர்பில் இருக்கின்றனவா, எந்த இரண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லையா, குறிப்பாக சிவப்பும் கறுப்பும் தொட்டுக்கொள்ளவில்லையா என்று மீட்டரின் பீப் ஒலியில் பார்த்தேன். டி பிளஸும் டி மைனஸும் இடம் மாறியிருந்தால் கருவி தெரியாமல் போகும், அவ்வளவுதான். சிவப்பும் கறுப்பும் மாறினால் கருவியே போய்விடும்.

இரண்டாவது சோதனையில்தான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூலர் பம்பைப் போன்ற கருவிகள் பொதுவாக 12 மெகாபிட் வேகத்தில் பேசுபவை. முறுக்கே இல்லாத கேபிளிலும் அவை இவ்வளவு குறுகிய தூரத்தில் வேலை செய்துவிடும். பம்பு தெரிகிறது என்பதால் கேபிள் நல்லது என்று சொல்லிவிட முடியாது. 480 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒன்றை மாட்டினால்தான் அதன் யோக்கியதை தெரியும். கையடக்க ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கும் அகலமான மைக்ரோ 3.0 போர்ட்டின் ஒரு பாதியில் சாதாரண மைக்ரோ யுஎஸ்பி பிளக்கும் பொருந்தும். அப்போது டிஸ்க் 2.0 வேகத்தில் இயங்கும். பம்புக் கேபிளை ஒரு பழைய மதர்போர்டின் ஹெடரில் செருகி, மறுமுனையில் அத்தகைய டிஸ்க்கை மாட்டி, ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தேன். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது இழுக்கும் மின்சாரத்தையும் கேபிள் தாங்க வேண்டியிருப்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். லினக்ஸின் கெர்னல் பதிவில் "ஹை ஸ்பீடு" என்று பதிவானது; மோசமான கேபிள்களில் அடிக்கடி தலைகாட்டும் மைனஸ் 71 என்ற பிழை எண் வரவில்லை. விசிறிப் பலகையின் கேபிளுக்கு, அந்த முனையில் தற்காலிகமாக ஒரு டைப் ஏ சாக்கெட்டை இணைத்து, பென் டிரைவ் ஒன்றை வைத்து அதே சோதனை.

இழைகளின் தடிமனைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். 28 கேஜ் வயர் மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். 60 சென்டிமீட்டர் கேபிளில் போக வர 1.2 மீட்டர், அரை ஆம்பியர் ஓடினால் 0.13 வோல்ட் இறங்கும். என் 32 சென்டிமீட்டர் கேபிளில், சற்றுத் தடிமனான 26 கேஜ் வயரில், அது 0.04 வோல்ட்தான். ஆனால் பம்பும் பலகையும் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை சாட்டா வயரிலிருந்து எடுத்துக்கொண்டு யுஎஸ்பியைப் பேசுவதற்கு மட்டுமே வைத்துக்கொள்வதால், இந்தக் கணக்கு என் கேபிளில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கப்போவதில்லை.

பழைய மதர்போர்டில் சோதிப்பவர்கள் ஹெடருக்கு அருகே அச்சிட்டிருப்பதைப் படித்துவிடுவது நல்லது. ஃபயர்வயர் என்ற 1394 ஹெடரும் அதே ஒன்பது பின் வடிவம்தான். அதில் 12 வோல்ட் ஓடும்.

இப்போது இரண்டு கேபிள்களும் கறுப்பு பாராகார்ட் உறைக்குள் ஒரே ஹவுசிங்கிலிருந்து கிளம்பி, ஒன்று பம்புக்கும் மற்றது பெட்டியின் மேல் மூலைக்குமாகப் போகின்றன. முன்பக்கப் போர்ட்களுக்குச் செல்லும் 19 பின் யுஎஸ்பி 3.0 கேபிளும் நீளம் அதிகம்தான், அதைத் தொடவில்லை. அங்கே பின் இடைவெளி 2 மில்லிமீட்டர், வேகம் 5 கிகாபிட், ஒவ்வொரு ஜோடிக்கும் தனி உலோக உறை. பேட்ச் கார்டையும் கைப் பிளையரையும் வைத்துக்கொண்டு அதில் இறங்குவதற்கில்லை. அதைக் குறைந்த நீளத்தில் ஆயத்தமாகவே வாங்கிக்கொள்ளப் போகிறேன்.