பெத்லகேமின் குட்டி வாசலும் என் வெள்ளை உடுப்பும்

2019-ல புனித நாடு போய்ட்டு வந்தத பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. கலிலேயா கடல், ஒலிவ மலை எல்லாம் எழுத வந்துச்சு, பெத்லகேம் கிட்ட வரும்போது மட்டும் கை நின்னுடும், ஏன்னா அங்க நடந்தத எழுதணும்னா என்னைப் பத்தின ஒரு உண்மையையும் சேத்து எழுதியாகணும்.

நான் நகை போடறதில்ல, வருஷக்கணக்கா வெள்ளை உடுப்பு தான். பைபிள்ல, நகையும் உடுப்பும் உங்க அலங்காரமா இருக்கக் கூடாதுன்னு பேதுரு எழுதின 1 பேதுரு 3-ம் அதிகாரத்த வாசிச்சு ஜெபம் பண்ணி எடுத்த முடிவு, அதுல எனக்கு இப்பவும் வருத்தம் கிடையாது. எங்க குரூப்ல ஒரு பொண்ணு வந்திருந்தா, 25 வயசுக்குள்ள இருக்கும், உதட்டுல சாயம், கை நிறைய வளையல், காதுல பெரிய தொங்கட்டான், பஸ் நிக்கிற இடமெல்லாம் செல்ஃபி. முதல் நாளே அவளுக்கு மனசுல மார்க் போட்டு முடிச்சிட்டேன். வாயத் திறந்து ஒண்ணும் சொல்லல, ஆனா பக்கத்து சீட்ல வந்து உக்காந்தப்போ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன், ஆண்டவர் நடந்த மண்ணுக்கு இப்படியா வர்றதுன்னு உள்ளுக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு.

எருசலேம்ல இருந்து பெத்லகேம் 10 கிலோமீட்டருக்குள்ள தான். காலைல முதல்ல பக்கத்துல பெய்த் சாகூர்ல இருக்கிற மேய்ப்பர் வயலுக்கு, இயேசு பிறந்த சேதிய தேவதூதன் மேய்ப்பர்களுக்கு சொன்ன இடம்னு சொல்ற வயலுக்கு, கூட்டிட்டு போனாங்க, அங்க குகைகள் இருக்கு, கூரையெல்லாம் புகை படிஞ்சு கறுத்துப் போயிருக்கும். அதுக்குள்ள உக்காந்தோம். பாஸ்டர் அந்த மேய்ப்பர் கதை வர்ற லூக்கா 2 வாசிப்பார்னு பைபிள திறந்து வச்சிருந்தேன், அவர் 1 சாமுவேல் 16 எடுத்தார். தீர்க்கதரிசி சாமுவேல் அடுத்த ராஜாவ அபிஷேகம் பண்ண தைலக்கொம்போட வந்தது இந்த ஊருக்குத்தானே, தாவீதோட அப்பா ஈசாயோட வீடு பெத்லகேம் தானே. மூத்தவன் எலியாபைப் பாத்த உடனே சாமுவேல் "இவன்தானாக்கும்"னு நினைச்சிட்டார், அப்போ தான் கர்த்தர் சொன்னது, "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்". சின்ன வயசுல இருந்து மனப்பாடமா தெரிஞ்ச வசனம், அழகில்லன்னு அழுதவங்களுக்கு ஆறுதலா எத்தனையோ தடவ நானே சொல்லியிருக்கேன். ஆனா பாஸ்டர் ஒரு கேள்வி கேட்டார், "இந்த வசனத்த கர்த்தர் யார்கிட்ட சொன்னார்?" தாவீதுகிட்ட இல்ல, அவன் அப்போ ஆடு மேய்ச்சிட்டு இருந்தான், பெத்த அப்பாவே கூப்பிடல. சொன்னது சாமுவேல்கிட்ட. சின்னப் பிள்ளையா இருக்கும்போதே ஆலயத்துல கர்த்தர் குரல கேட்டவர், ஜனங்க எல்லாரையும் விட உயரமா இருந்த சவுல முதல் ராஜாவா அபிஷேகம் பண்ணி அது எப்படிப் போச்சுன்னு கண்ணால பாத்தவர், அவரே மறுபடியும் உயரத்தப் பாத்து ஏமாந்தார். அதுல எனக்கு ஏதோ உறுத்துச்சு, ஆனா அதுக்குள்ள பஸ்ஸுக்கு கூப்பிட்டாங்க, எழுந்து போயிட்டேன்.

இயேசு பிறந்த இடம்னு சொல்ற குகைக்கு மேல கட்டின பிறப்பு ஆலயம் வெளிய இருந்து பாத்தா கோயில் மாதிரியே இருக்காது, கோட்டைச் சுவர் மாதிரி வெறும் கல்லு. அதுல 4 அடி உயரத்துக்கு ஒரு குட்டி வாசல், தாழ்மையின் வாசல்னு சொல்றாங்க. பழைய பெரிய வாசலோட தடயம் மேல சுவர்ல இன்னும் தெரியுது, குதிரை வண்டியெல்லாம் உள்ள வராம இருக்க சின்னதாக்கிட்டாங்கன்னு கைடு சொன்னார். எனக்கு முன்னாடி அந்தப் பொண்ணு குனிஞ்சபடியே போன தூக்கி போட்டோ எடுத்தா, நான் அவளையே முறைச்சுக்கிட்டு போய் நெத்திய கல்லுல நல்லா இடிச்சுக்கிட்டேன்.

உள்ள சிவந்த கல்லுத் தூண்கள், 6-ம் நூற்றாண்டுல ஜஸ்டினியன் காலத்துல கட்டினது. சுவர்ல மேல மொசைக் தேவதூதர்கள். இத ரிப்பேர் பண்ணும்போது 2016-ல, பூச்சுக்கு அடியில ஒரு தேவதூதன் மறைஞ்சிருக்கிறத கண்டுபிடிச்சாங்களாம், அது வரைக்கும் எல்லாரும் வெறும் சுவர்னு நினைச்சு கடந்து போயிருக்காங்க. அத அண்ணாந்து பாத்து நிக்க எனக்கு அன்னைக்கு பொறுமை இல்ல, கீழ குகைக்குப் போற க்யூ மேலயே கண்ணு.

க்யூ நகரவே இல்ல. எங்க குரூப்ல தனியா வந்த ஒரு பாட்டி, முழங்கால் வலி, நிக்க முடியாம தள்ளாடினாங்க. நான் பாத்தேன். இடம் போயிடுமேன்னு முன்னாடி திரும்பிக்கிட்டேன், கூட்டம் நெருக்கினப்போ நானும் முழங்கையால தள்ளினேன், அதையும் மறைக்க விரும்பல. அந்தப் பொண்ணு தான் க்யூவ விட்டு வெளிய வந்து பாட்டிய தூணுக்கு கீழ உக்கார வச்சு காலப் பிடிச்சு விட்டா.

கடைசியில படி இறங்கினேன். பலிபீடத்துக்கு அடியில 14 முனை உள்ள வெள்ளி நட்சத்திரம், மேல விளக்குகள், யாரா இருந்தாலும் மண்டி போட்டுத்தான் தொட முடியும். தொட்டேன். சில செகண்ட்ல பின்னாடி இருந்து அவசரப்படுத்த எழுந்துட்டேன், என்ன ஜெபம் பண்ணேன்னு கேட்டா சொல்லத் தெரியல. மேல வந்தா ஆராதனை நேரம்னு குகைய மூடிட்டாங்க, எங்களுக்கு அதுக்கு மேல காத்திருக்க நேரமில்ல. அவங்க ரெண்டு பேரும் பாக்கல.

நான் போய் நின்னேன். அவ நிமிர்ந்து பாத்து, "ஆன்ட்டி, நீங்க பாத்தீங்கல்ல, எப்படி இருந்துச்சுன்னு பாட்டிக்கு சொல்லுங்களேன்"னா. முகத்துல ஒரு துளி கசப்பு இல்ல. நான் சொல்ல ஆரம்பிச்சேன், நட்சத்திரம், விளக்கு, சில்லுன்னு இருந்த கல்லு, அதுக்கு மேல ஒண்ணும் வரல. அதுக்கே பாட்டி கண்ண மூடி கை கூப்பி அழுதாங்க. அந்தப் பொண்ணு கண்ணு துடைச்சு விட்டப்போ வளையல் சத்தம் கேட்டுச்சு.

அங்கேயே உக்காந்து 1 சாமுவேல் 16-ஐ திரும்ப எடுத்தேன். 12-ம் வசனம், தாவீதுக்கு அழகிய கண்களும் நல்ல ரூபமும் இருந்துச்சுன்னு இருக்கு. எத்தனை வருஷமா வாசிக்கிறேன், இது கண்ணுல பட்டதே இல்ல! உயரமா இருந்ததுக்காக எலியாபை தேர்ந்தெடுக்கல, சரி. அழகா இருந்ததுக்காக தாவீத ஒதுக்கவும் இல்லையே. நான் அலங்காரத்த தான் வெளித்தோற்றம்னு நினைச்சிருந்தேன், என் வெள்ளை உடுப்பும் வெளித்தோற்றம் தான்னு ஒரு நாளும் தோணல. பேதுரு நகையோட நிறுத்தல, "சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி"ன்னு சொல்றார். நகைய கழட்டினேன், அந்த ரெண்டும் க்யூல என்கிட்ட இல்லாம போச்சு, அந்தப் புள்ளைகிட்ட இருந்துச்சு.

கிளம்பும்போது பாட்டிய ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானுமா பிடிச்சுக்கிட்டோம். அதே குட்டி வாசல். பாட்டிய மெதுவா வெளிய விட்டுட்டு அவ திரும்பி நின்னா, காலைல நான் இடிச்சுக்கிட்டத பாத்திருக்கா போல, "குனிஞ்சுக்கோங்க ஆன்ட்டி"ன்னு சொல்லி, என் தலைக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவுல கைய வச்சுக்கிட்டா.