ஒரே சர்வரில் மூன்று குடித்தனம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணினிகளைப் பராமரிக்கிறேன். அங்கே சர்வர் என்று இருப்பது ஒன்றுதான். நினைவகம் 32 ஜிபி. சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடைக் கணக்கு, சம்பளப் பட்டியல், முதலாளியின் தங்கும் விடுதிக்கான முன்பதிவுத் தளம் ஆகிய மூன்றும் அதில்தான் ஓடுகின்றன. இன்னொரு சர்வர் வாங்கலாம்தான். ஆனால் ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால், இருக்கிற யுபிஎஸ் இரண்டைத் தாங்காது.

மூன்றையும் பிரித்து வைக்க லினக்ஸில் இரண்டு வழிகள் உள்ளன. 2007-இல் கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்த கேவிஎம், மென்பொருளாலேயே உருவாகும் ஒவ்வொரு மெய்நிகர் சர்வருக்கும் தனிக் கெர்னலையே கொடுத்துவிடும். கன்டெய்னர்களோ தோட்டத்து லயன் வீடுகளைப் போன்றவை: குடும்பத்துக்கொரு கதவு உண்டு, ஆனால் கூரை, அதாவது கெர்னல், ஒன்றே. அந்தக் கதவுகளை அமைப்பது நேம்ஸ்பேஸ். யார் எவ்வளவு எடுக்கலாம் என்று அளப்பது சிகுரூப். கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கிய இந்த சிகுரூப், 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலில் இடம்பெற்றது.

செயலியைப் பங்கிடுவது எளிது. எடைக் கணக்குக்கு 300, மற்ற இரண்டுக்கும் தலா 100 என்று பங்கு எண் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் இலை வந்து குவியும்போது மூன்றும் ஒருசேர முட்டிமோதினால், முதலாவதற்கு 60 சதவீதம், மற்றவற்றுக்கு 20 சதவீதம் வீதம் கிடைக்கும். எடைக் கணக்கு சும்மா இருக்கும் நேரத்தில் மற்ற இரண்டும் முழுச் செயலியையும் பாதிப்பாதியாக எடுத்துக்கொள்ளும். கேவிஎம்மில் ஓடும் சர்வரும் அதைத் தாங்கும் அசல் சர்வரின் கண்ணுக்கு ஓடும் நிரல்களில் ஒன்றுதான் என்பதால், இதே பங்கு முறை அதற்கும் செல்லும். உச்சவரம்பு போடும் வசதியும் இருக்கிறது. யாருக்கும் பயன்படாமல் செயலியைச் சும்மா கிடக்கவிடும் அந்த ஏற்பாடு, வாடகைக்கு விடுபவர்களுக்குத் தேவைப்படலாம், எனக்குத் தேவையில்லை.

நினைவகம் அப்படியல்ல. செயலி நேரத்தைத் தராமல் நிறுத்தினால் நிரல் மெதுவாகும், அவ்வளவுதான். எழுதி வைத்த நினைவகத்தைத் திரும்பக் கேட்டால், அது வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் பகுதிக்குப் போக வேண்டும் அல்லது நிரல் சாக வேண்டும். சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில் இதற்குப் படிகள் உண்டு: 'லோ' என்ற அளவு வரையிலான நினைவகத்தைக் கெர்னல் கூடுமானவரை தொடாது, 'ஹை' தாண்டினால் நிரலின் வேகத்தைக் குறைத்து நினைவகத்தை மீட்கப் பார்க்கும், 'மேக்ஸ்' எட்டியும் மீட்க வழியில்லை என்றால் நினைவகம் தீர்ந்தால் நிரலைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் வந்து நிற்கும். இதில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கன்டெய்னருக்கு 4 ஜிபி என்று வரம்பு வைத்தாலும், உள்ளிருந்து நினைவக அளவைக் காட்டும் 'ஃப்ரீ' கட்டளை கொடுத்துப் பார்த்தால் பொதுவாக 32 ஜிபி என்றே காட்டும், ஏனெனில் அது படிக்கும், கெர்னல் தரும் ப்ராக் கோப்பு இந்த வரம்பை அறியாது. பழைய ஜாவா இதை நம்பி, கண்ணில் பட்டதில் கால் பங்கை, அதாவது 8 ஜிபியை, தன் ஹீப்பின் (தரவை வைக்க எடுத்துக்கொள்ளும் நினைவகம்) உச்சமாக வைத்துக்கொள்ளும். 4 ஜிபியைத் தொடும்போது, தன் கணக்கில் இன்னும் பாதி மிச்சமிருக்கையிலேயே, கொல்லப்படும். 2018-இல் வந்த ஜாவா 10 முதல் சிகுரூப் வரம்பைப் பார்த்தே இந்தக் கணக்கு போடப்படுகிறது. பழைய பதிப்பில் ஓடும் மென்பொருளுக்கு ஹீப் அளவை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வட்டைப் பங்கிடுவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கன்டெய்னரில் பேக்கப் ஓடினால் மற்றவை திணறுவதற்குச் செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. சிகுரூப்பின் முதல் பதிப்பில் வட்டு வரம்பு போட்டாலும், பேஜ் கேஷ் (எழுதுவதை முதலில் நினைவகத்தில் தேக்கும் இடம்) வழியாகப் பின்னர் எழுதப்படுவதை யார் எழுதியது என்று அதனால் சரியாகக் கணக்கிட முடியவில்லை. இரண்டாம் பதிப்பு, இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகளில், அதையும் உரியவர் கணக்கில் ஏற்றுகிறது.

முன்பதிவுத் தளத்தை மட்டும் கேவிஎம்மில் வைத்திருக்கிறேன். இணையத்துக்கு நேராகத் திறந்து கிடப்பது அது ஒன்றுதான். பொதுக் கெர்னலில் ஓர் ஓட்டை இருந்தால், கன்டெய்னரிலிருந்து சம்பளப் பட்டியலுக்குப் போய்விட முடியும்.