வாட்ஸ்அப் ஆர்டரை ஏஐ வழியாக ஷீட்டில் ஏற்றிய அனுபவம்: எங்கெல்லாம் இடித்தது?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மாமாவுக்கு ஆட்டோ உதிரிபாகக் கடை. ஆர்டர் முக்கால்வாசி வாட்ஸ்அப்பில்தான். "அண்ணா, பிரேக் ஷூ 2 செட், clutch கேபிள் அரை டஜன்" என்று தமிழும் தங்லிஷும் கலந்து வரும். அதை மொழி மாதிரியின் (உரையைப் படித்துப் பதில் எழுதும் ஏஐ) ஏபிஐக்கு, அதாவது நம் நிரல் அதோடு பேசும் வாயிலுக்கு அனுப்பி, பொருளையும் எண்ணிக்கையையும் பிரித்து கூகுள் ஷீட்டில் எழுத வேண்டும். இந்த வேலைகளைக் கோத்துத் தானாக ஓடவைக்கும் என்8என் (n8n) மென்பொருளை நிறுவுவதும் ஷீட்டை இணைப்பதும் ஒரே மாலையில் முடிந்தன.

முதல் தகராறு பணம் கட்டுவதில். ஏபிஐக்கு டாலரில் முன்பணம் கட்டப் போனால் கார்டு மறுக்கப்பட்டது. வங்கிக் கிளைக்குப் போய் வெகுநேரம் காத்திருந்தேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சர்வர் பிரச்சினை, நாளைக்கு வாங்க" என்றார். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். நாம்தான் திறக்க வேண்டும். வங்கியின் செயலியிலேயே அதற்கு வழி இருக்கிறது. தயவுசெய்து கிளைக்கு அலையாதீர்கள்.

அடுத்தது வயிற்றைக் கலக்கியது. "என்னப்பா, ஒரே ஆர்டர் ரெண்டு தடவை ஏறியிருக்கு? பையன் டபுளா பேக் பண்ணிட்டான்" என்று மாமா போன் செய்தார். பதிவுகளைத் திறந்தால் இரண்டு வரிக்கும் ஒரே செய்தி அடையாள எண். வெப்ஹூக்கிலிருந்து (புதுச் செய்தியை வாட்ஸ்அப் அனுப்பும் நம் பக்க முகவரி) 200, அதாவது 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால் வாட்ஸ்அப் அதே செய்தியைத் திரும்ப அனுப்பும். நெட்டில் எடுத்த டெம்ப்ளேட்டோ எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் பதில் சொல்லும்படி அமைந்திருந்தது. நீளமான ஆர்டருக்கு மொழி மாதிரி நேரம் எடுத்துக்கொள்ள, செய்தி மறுபடி வந்து விழுந்தது. இப்போது செய்தி வந்தவுடன் 200 போய்விடும், மற்றதெல்லாம் அப்புறம். என்8என்னின் கோட் நோடில் (நாமே நிரல் எழுதும் கட்டம்) நாலு வரி எழுதி, ஏற்கெனவே பார்த்த அடையாள எண் என்றால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். இரண்டையும் செய்யுங்கள், ஒன்று மட்டும் போதாது.

அதற்குப் பிறகு சில ஆர்டர்கள் காணாமல் போயின. மொழி மாதிரி தந்த ஜேசன் (JSON, பொருளும் எண்ணிக்கையும் அடைப்புக்குறிக்குள் வரும் தரவு வடிவம்) பாதியில் அறுந்து, கடைசி அடைப்புக்குறி இல்லாமல் வந்திருந்தது. தமிழ் எழுத்துகளுக்கு ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (மொழி மாதிரி உரையை வெட்டி எண்ணும் துண்டு) செலவாகும். ஆங்கில எடுத்துக்காட்டுகளில் இருக்கும் வெளியீட்டு வரம்பு தமிழ் ஆர்டருக்குப் பத்தாது. வரம்பை உயர்த்துங்கள். கூடவே, பதில் எதனால் நின்றது என்று ஏபிஐ தனியாகச் சொல்லும், அதைக் கட்டாயம் பாருங்கள். வரம்பில் முட்டி நின்றிருந்தால் அந்த ஜேசனைத் தொடாதீர்கள். ஏபிஐயிடமிருந்து 429 (கோரிக்கைகள் அளவு மீறிவிட்டன என்ற பதில்) வந்தால் உடனே திரும்ப முட்டாமல், ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

எனக்கு நிம்மதி தந்தது கடைசியாகச் சேர்த்த சோதனைதான். பொருளின் பெயர் கடைப் பட்டியலில் இல்லையென்றாலோ, எண்ணிக்கை எண்ணாக இல்லையென்றாலோ, அந்த வரி 'மாமா பார்க்கவும்' என்ற தனி ஷீட்டுக்குப் போகும். ஆரம்பத்தில் அது நிரம்பி வழிந்தது. இப்போது "போன தடவை மாதிரியே அனுப்பிடுங்க" போன்ற செய்திகள்தான் அங்கே வருகின்றன. அவற்றை மாமாவே போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்.