டைமர் டிஸ்ப்ளேல இருக்குற அந்த ஏழு கோடு

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல சித்தப்பா பையன் டிப்ளமோ ப்ராஜெக்டுக்கு டைமர் பண்றான், "அண்ணே 7447 ஐசி வாங்கி மாட்டிறவா"ன்னு கேட்டான். ஒரு எண்ணைக் காட்டுற ஏழு கோட்டுல எது எரியணும்னு முடிவு பண்ற ரெடிமேட் டீகோடர் சிப் அது. நான் மொதல்ல லாஜிக் கேட்லயே (0, 1 சிக்னலைப் பாத்து 0 இல்லன்னா 1 குடுக்குற சின்ன சர்க்யூட்) போட்டுப் பாருடான்னு சொல்லிட்டேன். எண்ணுறது கவுண்டர் வேலை, அது பழசை ஞாபகம் வச்சுக்கணும். டிஸ்ப்ளே டீகோடருக்கு ஞாபகமே வேணாம், இப்ப உள்ள வர்ற நாலு பிட்டை (8, 4, 2, 1னு மதிப்புள்ள நாலு 0/1 சிக்னல்) பாத்து எந்தக் கோடு எரியணும்னு சொன்னா போதும், இப்படி ஞாபகம் இல்லாம வேலை செய்றதுதான் காம்பினேஷனல் லாஜிக்.

கீழ இடதுபக்கம் இருக்குற 'இ' செக்மெண்ட்டையே (ஏழு கோட்டுல ஒண்ணு) எடுத்துக்கங்க. 0, 2, 6, 8 இந்த நாலுக்குத்தான் எரியும். நாலு பிட்ல 15 வரைக்கும் எழுதலாம், ஆனா ஒரு இலக்கம் 9க்கு மேல போகாது, அதனால 10லேர்ந்து 15 வரைக்கும் வரவே வராது. அதையெல்லாம் டோன்ட் கேர்னு (எப்படி இருந்தாலும் சரின்னு) கே-மேப்புல, அதாவது லாஜிக்கைச் சுருக்குற கட்டத்துல, போட்டா சுருங்கிரும்: 1 மதிப்புள்ள பிட் (1-பிட்) 0-வா இருக்கணும், கூடவே 2-பிட் 1-ஆவோ இல்லன்னா 4-பிட் 0-வாவோ இருக்கணும், அவ்ளோதான். செகண்டோட பத்தாம் இடத்துல 5க்கு மேல போகாதுல்ல, மூணு பிட்டே போதும், அங்க இதே 'இ' 4-பிட்டும் 1-பிட்டும் 0-வா இருந்தா எரியும், ஒரே ஒரு நார் கேட் (உள்ள வர்றது எல்லாம் 0-வா இருந்தா மட்டும் 1 குடுக்கும்)! இந்த அழகு ஐசிய வாங்கி மாட்டுனா கண்ணுல படாது.

கடைசில 7447தான் போடுறேன்னா காமன் ஆனோடு டிஸ்ப்ளே (எல்லாக் கோட்டோட பிளஸ் முனையும் ஒண்ணா சேந்தது) வாங்குங்க, 7447-ஓட அவுட்புட் லோ (0) ஆனாத்தான் கோடு எரியும். நம்ம பக்கம் உப்புக்காத்துல செம்பு பச்சை பூத்துரும், சால்டர் பண்ணதும் போர்டுக்கு வார்னிஷ் அடிச்சிருங்க. ரெசிஸ்டர் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியா போடுங்க, பொதுவா ஒண்ணே போட்டா 1 பளிச்சுன்னும் 8 மங்கலாவும் தெரியும்.