சொல் தெரிந்தும் பேச்சு வராத நிலையிலிருந்து: அன்றாட ஆங்கிலம் பழகிய அனுபவம்

அன்றாட ஆங்கிலத்தைப் பழகத் தொடங்கியபோது எனக்குத் துணையாக இருந்தது, ஆங்கிலக் கற்பித்தல் வல்லுநரான மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட, ஏறத்தாழ 2000 சொற்களைக் கொண்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல். அதில் பெரும்பாலான சொற்களுக்கு ஏற்கெனவே பொருள் தெரிந்திருந்தது எனக்கு வியப்பாகவே இருந்தது. படிக்கும்போது எந்தத் தடையும் இல்லை. பேச வாயெடுத்தால் மட்டும், தமிழில் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்து, அதன் சொற்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாற்றி முடிப்பதற்குள், எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

ஆகவே தனிச்சொற்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, எந்தச் சூழலில் என்ன சொல்கிறார்கள் என்பதை முழுத் தொடராகவே குறித்துவைக்கலானேன். உதவி கேட்பது, புரியவில்லை என்பது, மரியாதையாக மறுப்பது, பதிலுக்குச் சற்று அவகாசம் கேட்பது என்று வகைப்படுத்தியபோது, ஒரு நாளின் பேச்சில் பெரும்பகுதி இத்தகைய சில சூழல்களுக்குள் அடங்கிவிடுவது தெரிந்தது. இலக்கணத்தைத் தனியே படிக்கவேண்டிய சுமையும் இதனால் குறைந்தது. ‘வேர் இஸ் தி ஸ்டேஷன்’ என்று நேரடியாகக் கேட்பதைப் பணிவாக்கினால், ‘குட் யூ டெல் மீ வேர் தி ஸ்டேஷன் இஸ்’ என்று வினைச்சொல் கடைசிக்கு நகர்ந்துவிடும். இதற்கான விதியைப் படித்து நினைவில் வைத்திருந்தாலும் பேசும் வேகத்தில் அது கைகொடுப்பதில்லை; தொடரையே மனத்தில் பதித்துக்கொண்டால், இடத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ‘டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்’ (நான் இங்கே உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா) என்பதற்கு ‘நோ’ என்று பதில் வந்தால் தாராளமாக உட்காரலாம் என்பதையும் கேள்வியும் பதிலும் சேர்ந்த உரையாடலாகத்தான் கற்க முடியும் என்பது என் கருத்து.

உண்மையில் கடினமாக இருந்தவை மிகச் சிறிய சொற்கள்தாம். 1930இல் மொழியியலாளர் சி.கே. ஆக்டன் 850 சொற்களில் ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தபோது, வினைச்சொற்களை 18ஆகக் குறைத்து, கெட், புட், டேக் போன்றவற்றோடு அப், ஆஃப், அவுட் ஆகியவற்றைச் சேர்த்தே மற்றப் பொருள்களைச் சொல்லிவிடலாம் என்று திட்டமிட்டார். சொற்களின் எண்ணிக்கை குறைந்தது சரி; கற்பவரின் சுமை குறைந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பேருந்தில் ஏறுவது ‘கெட் ஆன்’, காரில் ஏறுவது ‘கெட் இன்’. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது, ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. இவற்றுக்குக் காரணம் தேடுவதைக் கைவிட்டு, ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாகவே பாவித்து, அது வரும் ஒரு முழு வாக்கியத்தோடு எழுதிவைத்தேன்.

மறக்காமல் இருக்க, அறிவியல் எழுத்தாளரான செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கிய முறையைக் கைக்கொண்டேன்: முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் பதிலும் எழுதிய அட்டைகளை, பல அறைகளாகப் பிரித்த ஒரு பெட்டியில் வைத்துப் பழகுவது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். பின்னால் உள்ள அறைகளை நீண்ட இடைவெளியில் பார்த்தால் போதும். நான் செய்துகொண்ட ஒரே மாற்றம், அட்டையின் முன்பக்கத்தில் சொல்லுக்குப் பதிலாகச் சூழலைத் தமிழில் எழுதியதுதான். ‘ஒருவர் உதவ முன்வருகிறார், நீ மறுக்க வேண்டும்’ என்று முன்பக்கத்தில் இருந்தால், பின்பக்கத்தில் ‘நோ, தேங்க்ஸ், ஐ கேன் மேனேஜ்’ என்று இருக்கும். பார்த்தவுடன் உரக்கச் சொல்ல வேண்டும். மனத்துக்குள் சொல்லிக்கொள்வது கணக்கில் சேராது.

கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இதைவிட மெதுவாகவே வந்தது. அழுத்தம் பெறாத சொற்களை ஆங்கிலத்தில் சுருக்கி விழுங்கிவிடுவார்கள். ‘கேன்’ என்பது வாக்கியத்தின் நடுவே ‘கன்’ என்று தேய்ந்துவிடும், ‘வாட் டு யூ’ என்பது ‘வாட்யா’ போல் ஒலிக்கும். எழுத்தில் பார்த்துக் கற்ற தொடரைக் காது அடையாளம் காணாததற்கு இதுவே காரணம் என்று புரிந்தபின், ஒவ்வொரு தொடரையும் ஒலிப்பதிவில் கேட்டு, பேசுபவரின் வேகத்திலேயே திருப்பிச் சொன்ன பிறகுதான் அட்டையில் எழுதினேன். இப்போது நேரில் பேசுவதில் தயக்கம் பெரிதும் நீங்கிவிட்டது; முகம் தெரியாத தொலைபேசி உரையாடலில் மட்டும், ‘குட் யூ ஸே தட் அகெய்ன்’ என்ற தொடர் இன்னும் அடிக்கடி தேவைப்படுகிறது.