சவுனா வைக்கப் போய் தரையை இரண்டு தடவை உடைத்தோம்

சவுனா என்றால் சூட்டில் வியர்க்க வியர்க்க உட்காருகிற மர அறை. அதற்கான மரப்பெட்டி, ஹீட்டர், கல் எல்லாம் வீட்டில் வந்து இறங்கியது போன வருடம் மே மாதம். நிம்மதியாக உள்ளே போய் உட்கார்ந்தது டிசம்பரில். நடுவில் போன ஏழு மாதமும் பெரும்பாலும் தரைக்கே போனது. வீட்டில் சவுனா வைக்க நினைக்கிறவர்கள் எந்த ஹீட்டர், எந்த மரம் என்றுதான் விசாரிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். தயவுசெய்து முதலில் தரையைப் பாருங்கள்.

என் கணவர் ஒன்பது வருடம் பின்லாந்தில், தம்பெரே ஊரில் வேலை பார்த்தவர். அங்கே 1906லிருந்து நடக்கிற ராயாபோர்ட்டி பொதுச் சவுனாவுக்கு நாங்கள் அடிக்கடி போவோம். செங்கோட்டைக்குத் திரும்பி வந்தபின், சாரல் மாதங்களில் துணிகூடக் காயாமல் வீடே நசநசவென்று இருக்கும்போது அந்த நினைப்பு வந்துவிடும். அதனால்தான் வாங்கினோம்.

பொருத்த வந்த ஆள் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "படுக்கையறைக்குப் பக்கத்து ரூம்லயே வச்சிடலாம் மேடம், தரை மட்டமா இருக்குல்ல, போதும்" என்றார். அந்த அறையில் லேமினேட் தரை. தண்ணீர் போக வழி கிடையாது. அகச்சிவப்புக் கதிரால் சூடாக்குகிற இன்ஃப்ராரெட் சவுனாப் பெட்டிக்கு வேண்டுமானால் அது சரிப்படும். 45லிருந்து 60 டிகிரி உலர்ந்த சூடு, தண்ணீர் ஊற்றுகிற வேலையே இல்லை. எங்களுடையது கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்புகிற வகை. உட்காருகிற இடத்தில் 80, 90 டிகிரி இருந்தாலும் காலடியில் 30, 40க்கு மேல் போகாது, அதனால் தரை தாங்கிவிடும் என்று நாங்களும் நம்பினோம். லேமினேட்டைக் கெடுத்தது தண்ணீர். அது அழுத்திய மரத்தூள் பலகைதானே. கல்லில் பட்டுச் சிதறியது, உடம்பிலிருந்து வழிந்தது எல்லாம் இடுக்கில் இறங்கி, இரண்டே வாரத்தில் ஓரங்கள் அப்பளம் மாதிரி எழும்பிவிட்டன. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வேறு வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் நகர்த்திப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. குறைந்தது இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுக் காற்று ஓட விட்டிருக்க வேண்டும்.

சரி, எங்கே எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று பார்க்கலாம் என்றால், ஹீட்டரோடு வர வேண்டிய பொருத்தும் கையேடு பெட்டியில் இல்லை. விற்றவர்களுக்குப் பத்துத் தடவையாவது போன் போட்டிருப்பேன். கடைசியில் ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொட்டுகிற மழையில் கொச்சிவரை போனோம். கவுண்டரில் இருந்தவர், "வாட்ஸ்அப்பில் அனுப்புறோம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். இன்றுவரை வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் ஹீட்டரின் பக்கவாட்டில் இருந்த தகட்டைக் கவனித்தேன். அதில் மாடல் எண் இருந்தது. அதை வைத்துத் தேடியதும் தயாரிப்பாளரின் தளத்திலேயே முழுக் கையேடும் கிடைத்தது. ஒரு நாளும் பெட்ரோலும் வீண். வாங்கும்போதே அந்தத் தகட்டைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி ஹீட்டர் நிற்க வேண்டும் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும், பக்கத்து வீட்டு அளவு உதவாது.

லேமினேட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, கீழே கிணற்றடியை ஒட்டிய பழைய சாமான் அறைக்கு மாற்றினோம். அடியில் கான்கிரீட் தளம், வெளிச்சுவரில் தண்ணீர் போக வழி, வெளியே வந்தால் ஊற்றிக்கொள்ளக் கிணற்றுத் தண்ணீர். முதலிலேயே இந்த இடம் தோன்றியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் வருந்தியிருக்கிறேன். ஆனால் அங்கேயும் ஒரு தப்பு செய்தோம். டைல்ஸ் கடையில் சொறசொறப்பானது கேட்டேன். "எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்று பளபளப்பான விட்ரிஃபைடைத் தலையில் கட்டினார்கள். அக்டோபரில் என் மாமனார் வெளியே வரும்போது ஈரத்தில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் விரிசல், ஐந்து வாரம் மாவுக்கட்டு. எழுபத்துநாலு வயது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மறுபடி உடைத்தோம். இந்தத் தடவை வந்த கொத்தனார் அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுப் பேசாமல் நின்றார். தண்ணீர் மூலையில் தேங்கியது. "டைலு மட்டும் இல்லம்மா, வாட்டமே இல்லையே" என்றார். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்து, வழுக்காத மேட் டைல்ஸ் ஒட்டி, இடுக்கு பூசுமுன் மறுபடி ஒரு வாளி கொட்டிக் காட்டினார். அத்தனையும் ஓடி வடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானி ட்ராப்பை, அதாவது தண்ணீரைத் தேக்கிச் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிற தரை வடிகால் கிண்ணத்தை, அறைக்கு உள்ளே வைக்காமல் கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னதும் அவர்தான். உள்ளே வைத்தால் சூட்டில் அதில் நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை நாற்றம் ஏறும்.

டைல்ஸ்மேல் கால் வைக்க மரச்சட்டப் பலகை, மூன்று துண்டாக. கழற்றி வெயிலில் காய வைக்கலாம். ஆசாரியிடம் இதற்கும் உட்காருகிற பலகைக்கும் வார்னிஷ் வேண்டாம், திருகாணி அடியிலிருந்துதான் வர வேண்டும் என்று இரண்டையும் அழுத்திச் சொல்லுங்கள். உட்காருகிற உயரத்தில் வெளியே தெரிகிற இரும்பு சுடும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாளே கூடாது. எங்கள் கதவில் ஆசாரி போட்டுவிட்டார், அன்றைக்கே கழற்ற வைத்தேன்.

மின்சார வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. 6 கிலோவாட் ஹீட்டர் ஒற்றை ஃபேஸில் 26 ஆம்பியர் இழுக்கும், அதனால் மூன்று ஃபேஸுக்கு மாற்றினோம். ஆனால் சாதாரண பிவிசி ஒயரின் தாங்குதிறன் 70 டிகிரிதான். சவுனாக் கூரைச் சூட்டுக்கு அது ஆகாது. சிலிகான் உறை போட்ட ஒயர் கேட்டு வாங்குங்கள்.

மாவுக்கட்டு பிரித்தபின் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் மாமாவை உள்ளே விட்டோம். கீழ்ப் பலகையில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். வெளியே வரும்போது நான் கையைப் பிடிக்கப் போனேன். "விடும்மா, கால் பிடிக்குது" என்று சொல்லிவிட்டு, தானாகவே கிணற்றடிவரை நடந்து போனார்.