03233

அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்குப் போனால் பத்து மணிக்குள் எழுபது எண்பது பேருக்கு ரத்தம் எடுத்துவிடுவோம். ஊசி போடக் கை பழகிவிடும். எண் ஒட்டுவதுதான் கவனம் கேட்கிற வேலை. சேர்ந்த புதிதில் ஒருநாள் இரண்டு குழாய்களின் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டேன். சர்க்கரையே இல்லாத ஒரு பெரியவருக்கு 310 என்று ரிப்போர்ட் போனது. மறுநாள் அவர் திரும்ப வந்து கையை நீட்டி, "பரவாயில்லம்மா, இன்னொரு தடவை எடுத்துக்கோ" என்றார். அன்றிலிருந்து எந்த எண்ணையும் இரண்டு முறை வாய்விட்டுப் படிக்காமல் ஒட்டியதில்லை.

அதனால்தானோ என்னவோ, 2025 ஏப்ரலில் செய்தியில் 03233 என்ற எண்ணைப் பார்த்ததும் அதையும் இரண்டு முறை படித்தேன். அது ஒரு ஆமையின் எண்.

2021 மார்ச் 18 அன்று ஒடிசாவின் கஹிர்மாதா கடற்கரையில் முட்டையிட வந்த ஒரு பெண் ஆமைக்கு, இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தினர் முன்துடுப்பில் இந்த எண் பொறித்த தகட்டை மாட்டி அனுப்பினார்கள். கிட்டத்தட்ட நான்கு வருடம் கழித்து, 2025 ஜனவரி 27 அன்று, அதே ஆமை மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டம் குஹாகர் கடற்கரையில் ஏறி முட்டையிட்டது. வங்கக் கடல் ஆமை அரபிக் கடல் கரையில்! குறைந்தது 3,500 கிலோமீட்டர். வங்கக் கடலில் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றியோ பாக் நீரிணை வழியாகவோ மேற்கே திரும்பி, கேரளம், கர்நாடகம், கோவா எல்லாம் கடந்து போயிருக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் முட்டையிடும் கூட்டம் வேறு, மேற்குக் கரைக் கூட்டம் வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். எதிர்த்திசையில் ஒரு தடயம் முன்பே கிடைத்திருந்தது. 2023 பிப்ரவரியில் இதே குஹாகரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்ட பாகேஸ்ரீ என்ற ஆமை, இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்குள் வந்தது. ஆனால் அது ஊர் சுற்றி வந்ததாகவும் இருக்கலாம். 03233 இரண்டு கரையிலும் முட்டையிட்டிருக்கிறது. நான்கு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் அழியாத ஐந்து இலக்கமும், குஹாகரில் அந்த இரவில் குனிந்து அதைப் படித்த ஒரு ஆளும் இல்லையென்றால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. எண் ஒட்டிப் பிழைக்கிற எனக்கு அந்த ஆளை நேரில் பார்த்துக் கை கொடுக்க வேண்டும் போல இருந்தது.

எங்கள் வீடு திருவான்மியூரில். என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அவளோடு நானும் ஆமை நடைக்குப் போக ஆரம்பித்தேன். 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று சென்னையில் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, நள்ளிரவு நெருங்கும்போது நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை 7 கிலோமீட்டர் மணலில் நடப்பார்கள். டார்ச் அடிக்கக்கூடாது. சத்தம் போடக்கூடாது. முதல் அரை மணி நேரம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அலையின் நுரை தெரியும், நண்டு ஓடுவது தெரியும். அப்புறம் ஏதோ ஒரு இடத்தில் முன்னால் போகிறவர் கையைத் தூக்குவார். ஈர மணலிலிருந்து மேலே ஏறும் ஒரு தடம், சின்ன டிராக்டர் போனது மாதிரி. பக்கத்திலேயே இறங்கிப் போன தடம். இரண்டுக்கும் நடுவில் எங்கோ குழி இருக்கும். ஆமை அதை மூடி, மேலே உடம்பால் தட்டித் தட்டிச் சமப்படுத்திவிட்டுப் போயிருக்கும். மெல்லிய கம்பால் மெதுவாகக் குத்திப் பார்த்து, மணல் பொலபொலவென்று இறங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கையால் தோண்ட வேண்டும். பிங்பாங் பந்து மாதிரி நூறு நூற்றிருபது முட்டைகள். ஓடு கடினமாக இருக்காது, தோல் மாதிரி லேசாக அமுங்கும். குழியின் ஆழம் எவ்வளவு, வாய் எவ்வளவு அகலம் என்று அளந்துகொண்டு, பொரிப்பகத்தில் அதே அளவில் இன்னொரு குழி வெட்டி வைப்பார்கள். கரையிலேயே விட்டால் நாய் தின்றுவிடும். தப்பிப் பொரித்தால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கை நோக்கிப் போய்விடும். ஆமையை எங்கள் பக்கத்துக் குப்பத்து அண்ணன் ஒருவர் பங்குனி ஆமை என்பார். "மாசி பங்குனில வரும்மா, அதான் பேரு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதே கரைக்குத்தான் வருது" என்றார்.

இதே கரைக்கு எப்படி வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடிய ஒரு ஆராய்ச்சியைப் படித்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், கேலா கோஃபோர்த், கென் லோமன் ஆகியோரின் குழு செய்தது. 2025 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. பெருந்தலைக் கடலாமைக் குட்டிகளைத் தொட்டியில் விட்டு, சுற்றிலும் கம்பிச் சுருள் வைத்து, கடலில் ஒரு குறிப்பிட்ட இடத்தின் காந்தப்புலத்தை அப்படியே தொட்டிக்குள் உண்டாக்கினார்கள். அந்தப் புலம் இருக்கும்போது சாப்பாடு. வேறொரு இடத்தின் புலத்துக்கு மாற்றினால் சாப்பாடு கிடையாது. சில வாரங்களுக்குப் பிறகு சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் புலத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். சாப்பாடு கிடைத்த இடத்தின் புலம் வந்ததும் குட்டிகள் ஆட ஆரம்பித்தனவாம்! தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, வாயைத் திறந்து, முன்துடுப்புகளைப் படபடவென்று அடித்து, சில குட்டிகள் வட்டமடித்துச் சுழன்றிருக்கின்றன. இடையில் பயிற்சியே இல்லாமல் நான்கு மாதம் விட்டுப் பார்த்தாலும் மறக்கவில்லை.

மாலையில் பள்ளி விட்டு வந்த என் மகள், சமையலறையில் வடைச் சட்டி ஏறியிருப்பதைப் பார்த்துக் குதித்த நாட்கள்தான் எனக்கு நினைவு வந்தன.

அதைவிட வியப்பானது அடுத்த பகுதி. ஆமைக்குத் திசை சொல்ல ஒரு திசைகாட்டி வேண்டும், தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல ஒரு வரைபடமும் வேண்டும். இரண்டையும் பூமியின் காந்தப்புலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரே புலன்தான் இரண்டு வேலையும் செய்கிறதா என்று பார்க்க, ரேடியோ அலைகளை விட்டுக் குழப்பினார்கள். திசைகாட்டி குழம்பியது. ஆட்டம் நிற்கவில்லை! அப்படியென்றால் உடம்புக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. வழி தெரியாத நேரத்திலும், இது நம் இடம் என்று அதற்குத் தெரிகிறது.

பெண் ஆமை தான் பொரித்த கரையின் காந்த முகவரியை நினைவில் வைத்துக்கொண்டுதான் வளர்ந்து திரும்பி வருகிறது என்று லோமன் குழுவினர் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். ஃபுளோரிடாவில் 19 வருடக் கணக்கை எடுத்து 2015இல் காட்டினார்கள்: பூமியின் காந்தப்புலம் மெல்ல நகர நகர, ஆமைகள் முட்டையிடும் இடங்களும் அதற்கேற்ப நெருங்குகின்றன, விலகுகின்றன. இதைப் படித்த பிறகு பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளை விடுகிற மாலை எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீருக்குக் கொஞ்ச தூரம் தள்ளி மணலில் விட்டு, தானாக நடந்து போகவிடுவோம். உள்ளங்கையில் பாதி இருக்கும் அந்தக் குஞ்சு தடுமாறிப் போகும்போது, இந்த ஊரை மனப்பாடம் செய்துகொண்டு போகிறது என்று தோன்றுகிறது. ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகி வரும் என்பார்கள். அந்த ஒன்று பத்துப் பதினைந்து வருடம் கழித்து வரும்போது இந்தக் கரை இருக்க வேண்டும்.

எழுதத் தயங்கிக்கொண்டிருந்ததை இப்போது எழுதிவிடுகிறேன். 2025 ஜனவரி. குஹாகரில் 03233 கரையேறிய அதே மாதம். சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் 1,000க்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மகளும் திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரை நடந்தோம். பதினொன்று எண்ணினேன். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, எல்லாம் வளர்ந்த ஆமைகள். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் வர முடியாது, மூச்சுத் திணறிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வலை இழுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. மாட்டிய ஆமை வெளியேற வலையில் கதவு மாதிரி வைக்கும் கருவியும் இருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்தது. இருக்கிற விதியை அந்த மூன்று மாதமாவது கடலில் நின்று காவல் காக்கிற ஒன்றாக ஆக்கினால் போதும் என்பது என் எண்ணம். குப்பத்து அண்ணன் அன்று ஒரு ஆமையின் மேல் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டே, "முட்டை வயித்தோட செத்துருக்கும்மா" என்றார். என் மகள் அழுதுவிட்டாள்.

அந்தப் பதினொன்றின் துடுப்புகளையும் நான் பார்க்கவில்லை. தகடு என்ற ஒன்றே அப்போது என் நினைப்பில் இல்லை. கஹிர்மாதாவிலிருந்தோ வேறு எங்கிருந்தோ எண்ணோடு வந்த ஒன்று அதில் இருந்திருந்தால், படிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

இந்தப் பருவத்தில் பிப்ரவரி மூன்றாவது சனிக்கிழமை, பாலவாக்கம் தாண்டி, அதிகாலை இரண்டு மணி இருக்கும். தடம் மேலே ஏறியிருந்தது, இறங்கவில்லை. பத்தடி தள்ளி மணலில் உட்கார்ந்துவிட்டோம். மணல் பின்னால் தெறிக்கும் சத்தம். பிறகு சத்தம் நின்றது, முட்டை விழ ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு ஆமை எதற்கும் கலங்காது என்பதால், நடத்திச் செல்லும் பையன் சிவப்பு விளக்கைக் காட்டினான். நான் பின்பக்கமாகத் தவழ்ந்து போய்க் குனிந்தேன். இடது துடுப்பைப் பார்த்தேன். சுற்றி வந்து வலது துடுப்பையும் பார்த்தேன். கண்ணிலிருந்து உப்புநீர் வடிந்து மணல் ஒட்டியிருந்தது. பெருமூச்சு விடுவது மனுஷி மூச்சு மாதிரியே கேட்டது.

குழியை மூடித் தட்டிவிட்டு அது கடலுக்குள் இறங்கிப் போக இருபது நிமிடம் ஆனது. முட்டைகளை எண்ணி எடுத்தோம், 118. என் மகள் நோட்டில் நேரம், இடம், குழியின் ஆழம் எல்லாம் எழுதினாள். கடைசி வரியில் என்ன போட என்று கேட்டாள். "தகடு இல்லை, இரண்டு துடுப்பும் பார்த்தாச்சு" என்று சொன்னேன்.